முழங்காலுக்கு மட்டும் பதில்

ஜனவரி 9

சின்னவளுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்தால்தான் உண்டு. கிழிப்பதற்கு முன் ஒரு பக்கமாவது கண்ணில் படாதா என்ற நப்பாசையில் எழுதுகிறேன். உன் வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. அதனால் நீ வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே அனுப்புகிறேன்.

பயப்படாதே, பழைய கதையை எடுக்கப் போவதில்லை. இது என் வலது முழங்காலைப் பற்றிய கடிதம்.

நான் ஓட ஆரம்பித்திருக்கிறேன். பஸ் ஓட்டுவதைச் சொல்லவில்லை, நானே ஓடுகிறேன். ஐம்பத்தோரு வயதில். சிரிக்கிறாயா? சிரி.

போன மாதம் டிப்போவில் வருடாந்திரப் பரிசோதனை. டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவையும் அடித்துப் பார்த்தார். பிரஷர் நூற்று அறுபதுக்கு நூறு. "இருபத்தாறு வருஷமா உக்காந்தே இருக்கீங்கம்மா. உங்க முதுகுக்குப் பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க. மாத்திரை தர்றேன், ஆறு மாசம் டைமும் தர்றேன். அதுக்குள்ள இது இறங்கலைன்னா ஸ்டியரிங் கிடையாது, டிக்கெட் கவுண்டர்தான்" என்றார்.

"நடந்தா போதாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நடக்கிறேன்னு சொல்றவங்க எல்லாரும் கடைக்குத்தான் நடக்கிறாங்க. கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி ஏதாவது பண்ணுங்க."

கம்பி போட்ட கவுண்டருக்குள் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே டிப்போவுக்குப் பின்னால் உள்ள மைதானத்துக்குப் போய்விட்டேன். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடுவது என்று கணக்கு. மூன்றாவது கம்பத்தில் ரேடியேட்டர் கொதித்த வண்டி மாதிரி நின்றுவிட்டேன். வண்டி கழுவுகிறவர்கள் தண்ணீர்க் குழாயை மூடி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "என்ன டிரைவரம்மா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று முழுக்க உடம்பில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. கடைசி ட்ரிப்பில் கூட யாரையும் திட்டவில்லை.

ஐந்து வாரம் ஆகிறது. இப்போது பஸ் படியில் இறங்கும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே பிடுங்குகிறது. நீ பிசியோதெரபி அறையில் ஒரு நாளைக்கு நாற்பது முழங்காலைப் பார்க்கிறவள். நாற்பத்தோராவதாக இதையும் பார். பதில் போட்டால் முழங்காலுக்கு மட்டும் போடு, போதும்.

அக்கா

*

ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் வந்தது.

வலி படி இறங்கும்போது மட்டும்தானா, ஏறும்போதுமா? ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பிடித்துக்கொள்கிறதா? நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூட்டில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. தொடைத் தசைக்குப் பலம் இல்லை, அதன் பாரமெல்லாம் சில்லின்மேல் விழுகிறது. வயது ஏறிய பிறகு ஓட வருகிற எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நீயும் செய்கிறாய். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு வருகிறதே என்று ஓடிவிடாதே.

ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட. இதையே இருபது நிமிடத்துக்குத் திரும்பத் திரும்பச் செய். வாரத்தில் மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது போல் பாதி இறங்கி முப்பது எண்ணும்வரை நில். ஷூ என்ன போட்டிருக்கிறாய்? டிப்போவில் கொடுக்கும் கறுப்பு ஷூ என்று மட்டும் சொல்லிவிடாதே. கால் அளவைவிட அரை அளவு பெரிதாக, ஓட்டத்துக்கென்றே செய்த ஷூ வாங்கு.

முழங்காலுக்கு இவ்வளவுதான். மற்றதை எழுதாமல் விட்டதற்கு நன்றி.

*

பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

கறுப்பு ஷூதான் போட்டிருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தாய்?

புது ஷூ வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெண் "யாருக்கு ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பெண் ஏது? "ஆமாம்மா, அவளுக்கும் என் கால்தான்" என்று சொல்லி நானே போட்டு நடந்து பார்த்து வாங்கி வந்தேன்.

நீ சொன்ன ஒன்றுக்கு இரண்டு கணக்கு அப்படியே வேலை செய்தது. முழங்கால் வாயை மூடிக்கொண்டது. இப்போது மைதானத்தை விட்டுத் தெருவில் ஓடுகிறேன். முதல் வாரம் உன் அத்தான் ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்தார். பாதுகாப்புக்கு என்றார். நான் ஓடுகிற வேகத்துக்கு ஸ்கூட்டரை விழாமல் ஓட்டுவது பெரிய வித்தை. மூன்றாம் நாள் சாய்ந்தே விட்டார். "நீ தனியாவே போய்க்கோ, எனக்குத்தான் பாதுகாப்பு இல்ல" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

வழியில் ஒரு தையல்காரம்மா சேர்ந்துகொண்டார். ஐம்பத்தெட்டு வயது. எட்டு மணி நேரம் குனிந்து தைத்த முதுகை நிமிர்த்தத்தான் ஓடுகிறாராம். "பேச முடியுற வேகத்துல ஓடணும், பேச முடியலைன்னா வேகத்தக் குறைக்கணும்" என்பது அவர் சட்டம். அதனால் நாங்கள் ஓடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம்.

வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பேன்? ஓடும்போது, கொஞ்சம் வேகம் எடுத்தால், அடக்க முடியாமல் ஓரிரு சொட்டு கசிந்துவிடுகிறது. முதல் தடவை பயந்துபோய்ப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். கறுப்புப் பேன்ட் போட்டதால் மானம் தப்பியது. கிளம்புவதற்கு முன் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. இதற்கும் ஏதாவது இருக்கிறதா, இல்லை வயதென்று விட்டுவிடவேண்டியதுதானா?

கெட்ட செய்தியோடு முடிக்க மாட்டேன். போன வெள்ளிக்கிழமை ஒரு கிலோமீட்டரை நிற்காமல் ஓடினேன். எங்கள் ரூட்டில் அது வெறும் இரண்டு ஸ்டாப். அந்தத் தூரத்தைப் பல்லாயிரம் தடவை ஓட்டியிருப்பேன். அங்கே ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது என்பதும், காலையில் அதன் புகைபோக்கிப் பக்கம் போனால் சூடு முகத்தில் அடிக்கும் என்பதும் இதுநாள் வரை எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு உள்ளேயே இருந்திருக்கிறேன். ஓடி முடித்து ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இதயம் காதுக்குள் அடித்தது. பயமாக இல்லை. யாரோ எனக்காகக் கைதட்டுவது போல இருந்தது.

உன் பெண் எப்படி இருக்கிறாள்? இதற்குப் பதில் போட வேண்டாம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

முதலில் தண்ணீர் குடி. குடிக்காமல் ஓடினால் கசிவு அதிகமாகத்தான் செய்யும்.

வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. அவர்கள் எல்லோரும் மற்றதையெல்லாம் சொல்லிவிட்டு, கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் இதைச் சொல்வார்கள். அடி வயிற்றைத் தாங்குகிற தசை தளர்ந்திருக்கிறது. சிறுநீரை அடக்குவது போல இறுக்கி, எட்டு எண்ணி, விடு. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சிக்னலில் நிற்கும்போது செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய். வயதென்று விட்டுவிடாதே.

பெண் நன்றாக இருக்கிறாள். பதினைந்து ஆகிறது. என்னைவிட உயரம்.

இத்துடன் முடித்து உறையில் போட்டுவிட்டேன். பிறகு வெளியே எடுத்து எழுதுகிறேன்.

நீ ஓடுகிற தெருவைப் பற்றி எழுதினாய். எனக்கு அந்தத் தெருவில் ஒரே ஒரு இடம்தான் ஞாபகம் இருக்கிறது, முக்கில் உள்ள பஸ் ஸ்டாப். நாலு வருடத்துக்கு முன் உன் வீட்டு வாசலில் ஒரு துணிப்பையும், ஒரு பள்ளிக்கூடப் பையும், பதினோரு வயதுப் பெண்ணுமாக வந்து நின்றேன். அவரை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். நீ கதவைப் பாதி திறந்தபடி "ஒரு வாரம் பொறுத்துப் பாருடி, எல்லாம் சரியாயிடும்" என்றாய். பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தாய். வாசலிலேயே கொடுத்தாய்.

அன்று பஸ் நாற்பது நிமிடம் வரவில்லை. ஊருக்கே பஸ் ஓட்டுகிறவளின் தங்கை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். உன் தெரு முக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் உன்னைத் தடுத்திருப்பார், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நீ ஓடி வருவாய் என்று நினைத்தேன். பெண்ணிடம் "பெரியம்மா இப்ப வருவாங்க பாரு" என்று கூடச் சொன்னேன். நாற்பது நிமிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்கே திரும்பிப் போனேன். உன் ஒரு வாரம் எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன். அதற்குப் பிறகு யார் வாசலிலும் நிற்காமல் நானே வெளியே வந்தேன்.

முழங்காலுக்கு மட்டும்தான் பதில் போடுவேன் என்றிருந்தேன். முடியவில்லை.

*

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் ஓடப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் வாசலில் இருந்து முக்கு ஸ்டாப் வரை ஓடினேன். அறுநூறு மீட்டர்கூட இருக்காது. ஐந்து நிமிடம் ஆனது. நான் மெதுவாக ஓடுகிறவள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ் நின்று போனது. இரண்டு டிரைவரும் என்னைப் பார்த்துக் கை காட்டினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

அத்தான் என்னைத் தடுக்கவில்லை.

நாலு வருடமாக நீ அவரைத்தான் மனதில் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் சும்மா இருந்தால் அது இன்னொரு துரோகம். அன்று அவர் உள்ளே இருந்து, "யாரு, சின்னவளா? உள்ள வரச் சொல்லு, பிள்ளைய வெளிய நிக்க வைக்காத" என்றார். உனக்குக் கேட்டிருக்காது. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. நீ போன பிறகு, "போய்க் கூட்டிட்டு வா, இல்லன்னா நான் போறேன்" என்றார். நான்தான் "எங்க குடும்ப விஷயம், நீங்க சும்மா இருங்க" என்றேன். அந்த நாற்பது நிமிடமும் நான் சமையலறையில் நின்று, ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பா போனபோது உனக்குப் பதினேழு. உன்னைப் படிக்க வைத்தேன், மாப்பிள்ளை பார்த்தேன். இவர்தான் என்று சொன்னது நான். நீ தயங்கினாய். நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். நீ அந்த வீட்டை விட்டு வந்துவிட்டால், நான் பார்த்த மாப்பிள்ளை சரியில்லை என்று ஆகிவிடும். அதுதான். உன் கையில் இருந்த காயத்தைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொன்னால் வேறு மாதிரி கேட்கும். அதனால் நேராகச் சொல்லிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். அதைக் கேட்பதும் உன்மேல் ஒரு பாரத்தை வைப்பதுதான்.

அக்கா

*

ஜூன் 26

சின்னவளுக்கு,

ஏப்ரல் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பதில் வராது என்று தெரிந்துதான் எழுதினேன். இதுவும் முழங்காலைப் பற்றித்தான். உனக்குத் தொந்தரவு இல்லையென்றால் படி.

பதினைந்தாம் தேதி இங்கே பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். தையல்காரம்மாவும் நானும் பெயர் கொடுத்தோம். ஆறு கிலோமீட்டர் வரை நான் வேறு ஒரு பெண்ணாக இருந்தேன். சாலையை மறித்திருந்தார்கள். நான் தினமும் ஹாரன் அடித்துத் திட்டிப் போகிற சாலையில் ஒரு வண்டி இல்லை, நடுவில் நான் ஓடுகிறேன். ஏழாவதில் ஒரு குழி. கால் திரும்பியது. வலது முழங்காலுக்குள் சுருக்கென்றது. தையல்காரம்மா நின்றுவிட்டார். "நீங்க போங்க" என்றேன். "போய் என்ன கப்பலா பிடிக்கப் போறேன்?" என்று என் கையைத் தோளில் போட்டுக்கொண்டார். மீதி மூன்று கிலோமீட்டரை நொண்டி நொண்டி நடந்தோம். எங்கள் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. முடிவுக் கோட்டில் கட்டியிருந்த நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் மறுபடியும் விரித்தார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூட்டு ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை டிப்போ டாக்டரிடம் போனேன். பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்தைந்து. "பாஸ்" என்றார். பிறகு காலைப் பார்த்தார். பிரேக் மிதிக்கிற கால். சரியாகும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று எழுதிவிட்டார். "இந்த வயசுல ஓட்டமெல்லாம் எதுக்கும்மா? இதோட விட்டுடுங்க" என்றார். ஆறு மாதத்துக்கு முன் மூச்சு வாங்கச் சொன்ன அதே டாக்டர்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஸ்டியரிங்குக்காக அழுகிறேன் என்று அத்தான் நினைத்தார். இல்லை. ஓட்டத்துக்காகத்தான் அழுதேன். இருபத்தாறு வருடமாக நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது மணி அடித்து என்னை நிறுத்துகிறார்கள். அந்தக் காலை அரை மணி நேரம்தான் யாரும் மணி அடிக்காத நேரம். அதற்குள்தான் உன் நினைப்பு வந்தது. உனக்கு எழுதலாம் என்ற தைரியமும் அதற்குள்தான் வந்தது. அது போய்விட்டால் நான் மறுபடியும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

படத்தைப் பார்த்தேன். இங்கே மூட்டு டாக்டரிடமும் காட்டினேன். கிழிசல் சின்னது, ஓரத்தில் இருக்கிறது. அறுக்க வேண்டாம். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பஸ் ஓட்டலாம். கொஞ்சம் ஓடவும் செய்யலாம். எதுக்கு ஓட்டம் என்று கேட்ட டாக்டர் சொல்வதைக் கேட்காதே.

உன் ஏப்ரல் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். பிறகு என் அறை மேஜையின் இழுப்பறையில், பேன்டேஜ் சுருள்களுக்கு அடியில் போட்டேன். ஒரு மாதம் கோபம். அத்தான்மேல் அநியாயமாகப் போட்டிருந்த கோபத்தையும் சேர்த்து உன்மேல் போட்டுக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் பேன்டேஜ் எடுக்கப் போய் அதை மறுபடியும் படித்தேன். நீ ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் வருகிறவர்கள் எங்கே வலிக்கிறது என்று காட்டவே பயப்படுவார்கள், பக்கத்தில் எங்கேயாவது காட்டுவார்கள். நீ சரியான இடத்தில் விரலை வைத்துக் காட்டியிருந்தாய்.

எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. தெரியவில்லை.

இந்தப் பயிற்சியைக் கடிதத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது. கை வைத்துப் பார்த்தால்தான் முடியும். உனக்கு எப்படியும் லீவு. என் வீடு தரைத்தளம், படி கிடையாது. பெண் தன் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு என்னோடு படுத்துக்கொள்கிறாள். ஆறு வாரம் ஆகும். இடையில் அத்தான் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறார் என்று மூட்டையைக் கட்டுவதாக இருந்தால் இப்போதே வராதே.

முகவரி கீழே எழுதியிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம்.

*

ஆகஸ்ட் 24

சின்னவளுக்கு,

ஒழுங்காக வந்து சேர்ந்தேன். போனில்தான் தினமும் பேசுகிறோமே, இது எதற்கு என்று அத்தான் கேட்கிறார். போனில் நீ என்னை முந்திக்கொண்டு பேசுகிறாய். இதில் நான் முடிக்கும்வரை நீ காத்திருக்க வேண்டும்.

டிப்போ டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்க வைத்தார், "யாருகிட்ட காட்டுனீங்க?" என்று கேட்டார். "என் தங்கச்சி" என்றேன். அதைச் சொல்லும்போது எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை முதல் வண்டி. ஓட்டம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று கிலோமீட்டர், நீ சொன்னதற்கு மேல் ஒரு அடி கிடையாது. தையல்காரம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாரம் சமையலறையில் நாம் இரண்டு பேரும் பேசியதையும், பால் முழுக்கப் பொங்கி வழிந்ததையும், பெண் வந்து அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனதையும் நான் எழுதப் போவதில்லை. அவள் உன்னைவிட நல்லவளாக வளர்ந்திருக்கிறாள். என்னைவிட என்று சொல்லவே வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு. ரயில் கிளம்பியதும் நீ பிளாட்பாரத்தில் ஓடி வந்தாய். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நீ ஓடி நான் பார்த்ததே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாயே, உன் ஓட்டம் எவ்வளவு மோசம் தெரியுமா? குதிகால் முதலில் விழுகிறது. தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கைப்பையைப் பிடித்துக்கொண்டு யாராவது ஓடுவார்களா? ஒரு பெட்டி தூரம்கூட வரவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய்.

நீ ஏதோ கத்தினாய். ஏசி பெட்டி, கண்ணாடி திறக்க முடியாது. எனக்கு உன் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. நான் பெரிதாகத் தலையை ஆட்டினேன், ஒன்றும் கேட்கவில்லை. போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாய். என்ன சொன்னாய் என்று எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அக்கா,

பெரிதாக ஒன்றும் இல்லை. பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் உனக்குக் கொடுத்த ஆரஞ்சு பனியனை இங்கேயே மறந்துவிட்டாய். காலையில் நீயே துவைத்துப் பின்பக்கக் கொடியில் போட்டது. ஸ்டேஷனில்தான் பெண்ணுக்கு ஞாபகம் வந்து சொன்னாள். "பனியன்! பனியன்!" என்றுதான் கத்தினேன். பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தபாலில் அனுப்பலாம் என்று மடித்து வைத்தேன். உறைகூட வாங்கிவிட்டேன். பிறகு பெண் அதை எடுத்து மறுபடியும் கொடியிலேயே போட்டுவிட்டாள். "பெரியம்மா வந்து எடுத்துக்கட்டும்" என்கிறாள்.

நானும் எடுக்கவில்லை.

தங்கச்சி